மலை அழகாக இருக்கிறது, சைக்கிள் பையனைத்தான் காணவில்லை

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். தென்காசிப் பக்கத்து மலையடிவாரத்தில், பால் கேன்களோடு சைக்கிளில் போகும் ஒரு பையனை வைத்து, பக்கவாட்டில் நகரும் செல்போன் விளையாட்டு ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறீர்கள். நிரல் எழுதுவது நண்பர், படம் நீங்கள். பின்னணி நிலக்காட்சியை வரைய இரண்டு மாதம் ஆகியிருக்கிறது. தனியே காட்டினால் எல்லோரும் பாராட்டுகிறார்கள். விளையாடக் கொடுத்தால் பையன் எங்கே என்று தேடுகிறார்கள். பின்னணியை எத்தனை அடுக்காகப் பிரித்து வரைவது, ஒவ்வொன்றையும் எந்த வேகத்தில் நகர்த்துவது, எந்த அளவில் வரைவது என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

அடுக்குக் கணக்கு எளிது, பிறகு வருகிறேன். முதலில் பையனைத் தேடுவோம்.

நீங்கள் அனுப்பிய படத்தில் நான் செய்த முதல் வேலை, நிறத்தை முழுக்க உருவிவிட்டுக் கறுப்பு வெள்ளையாக்கி, கட்டைவிரல் அகலத்துக்குச் சுருக்கிப் பார்த்தது. கோபுரம் தெரிந்தது, பனைமரம் தெரிந்தது, மலை முகட்டில் பட்ட வெயில் பளிச்சென்று தெரிந்தது. பையன் இல்லை. நிறத்தோடு பார்க்கும்போது அவனுடைய சிவப்புச் சட்டைக்கும் பின்னாலிருக்கும் வயலின் பச்சைக்கும் ஏழாம் பொருத்தம், ஆகவே எடுப்பாகத் தெரியும் என்று நினைத்திருக்கிறீர்கள். கறுப்பு வெள்ளையில் அந்தச் சிவப்பும் அந்தப் பச்சையும் ஒரே சாம்பல். வேகமாக நகரும் ஒன்றைப் பின்தொடரும்போது கண் முதலில் பிடிப்பது ஒளிக்கும் இருளுக்கும் உள்ள வித்தியாசத்தை. நிறம் அதற்குப் பிறகுதான். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்களும் உங்கள் விளையாட்டை விளையாடுவார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதனால் நான் தூரிகையைத் தொடுவதற்கு முன் ஒரு சாம்பல் பட்டியல் போட்டுவிடுவேன். முழுக் கறுப்பு 0, முழு வெள்ளை 100 என்று வைத்துக்கொண்டால், வானம் 85 முதல் 95 வரை. கடைசி மலை 75 அளவில். அதற்கு முன்னால் உள்ள குன்று 65. வயலும் தோப்பும் 50 முதல் 60. பையன் ஓட்டும் சாலையும் வரப்பும் 30. பையன் 15க்குக் கீழே, அல்லது நேர்மாறாக 95க்கு மேலே. இந்த எண்கள் வேதவாக்கு அல்ல, இரவுக் காட்சியில் தலைகீழாகும். ஆனால் ஒவ்வொரு அடுக்கும் தனக்கு ஒதுக்கிய எல்லைக்குள்ளேயே வெளிச்சமும் நிழலும் காட்ட வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். உங்கள் மலையில் பாறை நிழல் 20, வெயில் பட்ட முகடு 98. ஒரே அடுக்குக்குள் அத்தனையையும் செலவழித்துவிட்டால் பையனுக்கு என்ன மிச்சம்?

மலையைத் திருத்துவதற்கு முன் பையனின் சட்டையை வெள்ளையாக்கிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. பாதிப் பிரச்சினை அதிலேயே தீர்ந்தாலும் தீரும். ஆஸ்திரேலியாவின் டீம் செர்ரி குழு 2017இல் வெளியிட்ட ஹாலோ நைட் விளையாட்டில் நாயகனுக்கு வெளிறிய வெள்ளை முகம், கரிய உடம்பு. அவன் நடக்கும் குகைகள் பெரும்பாலும் மங்கிய நீலமும் சாம்பலும். எவ்வளவு நுணுக்கமாக வரைந்த குகையாக இருந்தாலும் அந்த வெள்ளை முகம் எங்கே என்று யாரும் தேடுவதில்லை. டென்மார்க்கின் பிளேடெட் நிறுவனம் 2010இல் செய்த லிம்போவோ நிறத்தையே துறந்துவிட்டது: கரிய பையன், பின்னால் வெளிறிய பனிமூட்டம், அவ்வளவுதான்.

இதைவிடப் பொல்லாத தவறு ஒன்று உண்டு. நானே செய்தது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு விளையாட்டுக்கு ஆலமரம் வரைந்தேன். விழுதுவிழுதாக, கிளைகிளையாக, ஒவ்வொரு கிளையின் மேற்புறத்திலும் மெல்லிய வெளிச்சக் கோடு வைத்து. வெயில் மேலிருந்து வருகிறது அல்லவா, கலைப்பள்ளியில் சொல்லித்தந்தபடிதான். சோதித்துப் பார்க்க உட்கார வைத்த பிள்ளைகள் வரிசையாக அந்தக் கிளைமேல் தாவினார்கள். வரிசையாகப் பள்ளத்தில் விழுந்து செத்தார்கள். ஒரு சிறுமி ஆறு முறை முயன்றாள். ஏழாவது முறை போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். கிடைமட்டமான வடிவம், கூர்மையான விளிம்பு, மேலே வெளிச்சக் கோடு: இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் விளையாடுகிறவரின் கண்ணுக்கு அது நிற்கக்கூடிய இடம். அன்றிலிருந்து அந்த மேல்விளிம்பு வெளிச்சத்தை மிதிக்கக்கூடிய தரைக்கு மட்டுமே கொடுப்பேன். பின்னணிக் கிளைகளைச் சாய்வாக, விளிம்பு மென்மையாக, மேலும் கீழும் ஒரே ஒளியில் வரைவேன். உங்கள் படத்தில் இரண்டாவது அடுக்கிலிருக்கும் வாய்க்கால் பாலம் அப்படியே என் ஆலங்கிளை. ஒன்று அதை மங்கலாக்குங்கள், இல்லாவிட்டால் உண்மையிலேயே ஏற விடுங்கள்.

இனி மலை. இதில்தான் உங்களுக்கு இயற்கையே பாதி வேலையைச் செய்து கொடுக்கிறது, நீங்கள் வாங்கிக்கொள்ளவில்லை.

தூரத்து மலை நீலமாகத் தெரிவதற்குக் காரணம் மலை அல்ல, நடுவிலிருக்கும் காற்று. காற்றின் மூலக்கூறுகள் வெயிலில் உள்ள நீலத்தை சிவப்பு, மஞ்சள் போன்ற நிறங்களைவிட அதிகமாகச் சிதறடிக்கின்றன. கண்ணுக்கும் மலைக்கும் இடையில் எத்தனை மைல் காற்று இருக்கிறதோ அத்தனை நீல வெளிச்சம் படத்தின்மேல் ஒரு திரைபோல விழுகிறது. ஓவியர் கவனிக்க வேண்டியது இதுதான்: அந்தத் திரை முதலில் விழுங்குவது இருட்டான பகுதிகளை. தூரம் கூடக்கூட நிழல்கள் வெளுத்து நீலமாகும்; வெயில் பட்ட பகுதிகள் அவ்வளவு மாறாது. ஆகவே தூரத்து மலையில் கறுப்பைத் தொடவே கூடாது. மொத்த மலைக்கும் நீலம் பூசுவதும் போதாது. நிழல்களைத்தான் மேலே தூக்க வேண்டும். உங்கள் மலையில் நீலம் இருக்கிறது, ஆனால் நிழல் பக்கத்து வீட்டுச் சுவரின் நிழல்போல் கறுத்துக் கிடக்கிறது. அதனால்தான் சில மைல் தள்ளி நிற்க வேண்டிய மலை பையனின் முதுகில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

தென்காசிக்கு மலை மேற்கே. இது வரைகிறவருக்குப் பெரிய செய்தி. காலையில் கிழக்கிலிருந்து வரும் வெயில் மலையின் முகத்தில் நேராக அடிக்கும். பாறை, பிளவு, அருவி, காட்டின் பச்சை எல்லாம் தெரியும். மாலையில் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கும். மலை விவரமெல்லாம் இழந்து, ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிய தட்டையான நிழலுருக்கள் ஆகிவிடும், அருகில் உள்ளது அடர்த்தியாகவும் தூரத்தில் உள்ளது வெளிறியும். ஆகவே விளையாட்டின் முதல் கட்டத்தை மாலையில் வையுங்கள். இடைஞ்சல் செய்ய விவரமே இல்லாத பின்னணியை இயற்கையே தருகிறது. காலைக் காட்சி கடினம், கை தேறிய பிறகு வரையலாம். சாரல் காலம் மூன்றாவது வகை. ஜூன் முதல் செப்டம்பர் வரை, மேகம் முகட்டின்மேல் முக்காடு போட்டுக்கொள்ளும். காற்றில் நீர்த்துளி இருப்பதால் தூரம் நீலமாகாமல் வெண்சாம்பலாகும், ஏனென்றால் துளிகள் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறடிக்கும். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை பாருங்கள், மலை ஊருக்குள் வந்துவிட்டதுபோல் இருக்கும். நான்கு கட்டங்களுக்கு நான்கு காற்று. மலையின் கோட்டை மாற்றவே வேண்டாம்.

இந்தக் காற்றை மட்டுமே மூலதனமாக வைத்துச் செய்த விளையாட்டு என்றால் 2016இல் வந்த ஃபயர்வாட்சைச் சொல்வேன். அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்து ஷோஷோனி காட்டில், 1989இல், காட்டுத்தீயைக் கண்காணிக்கும் கோபுரத்தில் வேலை பார்க்கும் ஒருவரின் கதை. ஒல்லி மாஸ் என்ற ஓவியர் சுவரொட்டிபோல் தட்டையான அடுக்குகளில் வரைந்த படத்தை, ஜேன் இங் என்ற கலைஞர் நடந்து திரியக்கூடிய முப்பரிமாணக் காடாகக் கட்டினார். அங்கே மூடுபனிக்கு ஒரே நிறம் கிடையாது. கிட்டத்தில் ஒரு நிறம், சற்றுத் தள்ளி வேறு, கடைசியில் வேறு என்று தூரத்துக்குத் தக்க நிறப்பட்டை. அந்தப் பட்டையை மாற்றினால் பொழுதே மாறிவிடும். உங்களுடையது இரு பரிமாணம். பனி தனியே வேண்டாம், அடுக்குக்கு அடுக்கு நீங்களே அந்த நிறத்தைக் கலந்துவிடலாம். கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளில் ஒவ்வொரு அடுக்கின் மேலும் வான நிறத்தில் ஒரு சாதாரணப் பூச்சு. கடைசி மலைக்கு அடர்த்தி 70 சதவீதம், குன்றுக்கு 45, தோப்புக்கு 20. கலைப்படைப்பு என்று சொல்ல முடியாது, ஆனால் பத்து நிமிடத்தில் ஆழம் வந்துவிடும்.

போகிற போக்கில் ஒன்று. உங்கள் குன்றின் உச்சியில் வரிசையாக ஊசியிலை மரங்கள் நிற்கின்றன. விலைக்கு வாங்கிய படத்தொகுப்பிலிருந்து எடுத்தது என்று பார்த்தவுடன் தெரிகிறது, கனடாவில் நிற்க வேண்டியவை. தென்காசியில் அந்த இடத்தில் பனை நிற்கும், உடைமரம் நிற்கும், சுரண்டை பக்கமென்றால் காற்றாலை நிற்கும். பனையின் நிழலுரு எவ்வளவு நல்லது தெரியுமா? நேரான தண்டு, உருண்டைத் தலை, அதன் கீழே தொங்கும் காய்ந்த மட்டைகள். சுண்டுவிரல் உயரத்தில் வரைந்தாலும் பனை பனைதான். காற்றாலைக்கு ஓர் எச்சரிக்கை: சுற்றுவது எதுவும் கண்ணை இழுக்கும். மெதுவாகச் சுற்றட்டும், திரையில் ஒன்றோ இரண்டோ போதும்.

சரி, அடுக்குக் கணக்கு. கிட்டத்தில் இருப்பது வேகமாகவும் தூரத்தில் இருப்பது மெதுவாகவும் நகர்வதற்குப் பாரலாக்ஸ் என்று பெயர். ரயில் ஜன்னலில் தந்திக் கம்பம் ஓடும், மலை கூடவே வரும், அதேதான். கண்ணாடித் தட்டுகளில் வரைந்த படங்களைக் கேமராவுக்குக் கீழே அடுக்கி, வெவ்வேறு வேகத்தில் நகர்த்திப் படமெடுக்கும் கருவியை டிஸ்னி 1937இலேயே பயன்படுத்தினார்கள். விளையாட்டுகளில் இதைப் பரவலாக்கியது ஜப்பானின் ஐரெம் நிறுவனம் 1982இல் கொண்டுவந்த மூன் பேட்ரோல்.

சாலையின் வேகம் 1 என்று வைத்துக்கொண்டால், மற்ற அடுக்குகளின் வேகத்துக்குச் சூத்திரம் ஒரு வரி: கேமராவிலிருந்து பையன் உள்ள தூரத்தை, அந்த அடுக்கு உள்ள தூரத்தால் வகுக்க வேண்டும். பையன் 10 மீட்டரில், பனை 20 மீட்டரில் என்றால் பனையின் வேகம் 0.5. காற்றாலை 500 மீட்டரில் என்றால் 0.02. மலை 5 கிலோமீட்டரில் என்றால் 0.002, அதாவது ஏறக்குறைய நகரவே நகராது. ஆனால் உண்மையை அப்படியே வைத்தால் மலை கண்ணாடியில் ஒட்டிய படம்போல் செத்துக்கிடக்கும். நான் மலைக்கு 0.05 கொடுப்பேன், குன்றுக்கு 0.1, காற்றாலையும் தூரத்துத் தோப்பும் 0.25, பனையும் வேலியும் 0.5, சாலை 1. சாலைக்கு முன்னால், கேமராவை ஒட்டி, கரிய புல் நுனிகள் 1.4. இந்த முன்னடுக்கு அழகானது, ஆபத்தானதும் கூட. பையனை மறைக்கும் உயரத்துக்கு ஒருபோதும் வளர விடாதீர்கள். வானத்தையும் சேர்த்தால் ஏழு அடுக்கு. பன்னிரண்டு வைத்திருக்கிறீர்கள், அதில் 0.2, 0.22, 0.25 என்று ஓடும் மூன்றை ஒன்றாக்கிவிடலாம், யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

அடுக்கின் அகலத்தை யாரும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை, அதனால்தான் இரண்டு மாதம் ஆகிறது. உங்கள் கட்டத்தின் நீளம் 12,000 பிக்சல். நீளப் போன் திரை 20க்கு 9 என்ற விகிதத்தில், 1080 உயரத்துக்கு 2,400 அகலம். 12,000இல் ஒரு திரை அகலத்தைக் கழித்தால் கேமரா நகரும் தூரம் 9,600. மலை அடுக்குக்குத் தேவையான அகலம் 2,400 கூட்டல் 9,600இல் 0.05 பங்கு, மொத்தம் 2,880. நீங்கள் 12,000 வரைந்திருக்கிறீர்கள்! அதில் முக்கால் பங்கை எந்த ஜீவனும் பார்க்கப்போவதில்லை. குன்றுக்கு 3,360 போதும். பனை அடுக்குக்கு 7,200 வேண்டும், ஆனால் அதை ஒரே படமாக வரையாதீர்கள். நான்கு பனை, இரண்டு வேலி, ஒரு வைக்கோல் போர், ஒரு மோட்டார் அறை என்று தனித்தனியாக வரைந்து, யூனிட்டி, கோடாட் போன்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருளில் கையால் இடம் மாற்றி நடுங்கள். அந்த அடுக்கை 2,048 பிக்சல் பட்டையாக வரைந்து திரும்பத் திரும்ப ஓட்டினால், ஒரே வளைந்த பனை திரைக்கு ஒரு முறை ஆஜராகும். மூன்றாவது முறையில் பிள்ளைகள் அதற்குப் பெயரே வைத்துவிடுவார்கள்.

ஒன்றையே பலமுறை பயன்படுத்துவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1985இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் மொத்தமும் 40 கிலோபைட். அதில் வானத்து மேகமும் தரையிலிருக்கும் புதரும் ஒரே வடிவம். மேகத்துக்கு வெள்ளை, புதருக்குப் பச்சை, அவ்வளவே. 1991இல் வந்த சோனிக் விளையாட்டின் முதல் கட்டத்தில் பின்னணி நீர்ப்பரப்பைக் கிடைக் கோடுகளாக வெட்டி, கீழே வரவர ஒவ்வொரு கோட்டையும் சற்று வேகமாக நகர்த்தியிருப்பார்கள். தட்டையான படம் அப்படியே கண்ணெதிரே படுத்துக்கொள்ளும். உங்கள் குளத்துக்கு இந்த உத்தி அப்படியே பொருந்தும்.

மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். திரும்ப ஓட்டும் பட்டைகளுக்கு இணைப்புத் தெரியாமலிருக்க, கிரிட்டாவில் டபிள்யூ விசையை அழுத்தினால் படம் நான்கு பக்கமும் தன்னைத்தானே தொடரும். இணைப்பின் மேலேயே வரையலாம். இலைகளைச் சுற்றி வெள்ளை ஓரம் தெரிகிறது என்றீர்களே, ஒளி ஊடுருவும் பிக்சல்களுக்குள்ளும் ஒரு நிறம் ஒளிந்திருக்கிறது, பெரும்பாலும் வெள்ளை; படத்தைச் சிறிதாக்கும்போது அது விளிம்பில் கசிகிறது. இலையின் பச்சையை வெட்டுக்கோட்டுக்கு வெளியேயும் சில பிக்சல் பரப்பிவிட்டால் போய்விடும். 4,096க்கு 4,096 படம் ஒன்று சுருக்காமல் நினைவகத்தில் 64 மெகாபைட் பிடிக்கும்; கோப்பாகச் சின்னதாக இருந்தது என்பது கணக்கில் வராது. மங்கலான கடைசி மலையைப் பாதி அளவில் வரைந்து பெரிதாக்கிக் காட்டுங்கள், கால்வாசி நினைவகம்தான் ஆகும்.

வானத்தில் படிப்படியாகக் கோடுகள் விழுவதற்கும் கணக்கு உண்டு. ஒரு நிறத்துக்கு 256 படிகள். உங்கள் வானம் 85இலிருந்து 95 வரை போகிறது என்றால் அதற்குள் கிடைப்பது ஏறக்குறைய 25 படி. 600 பிக்சல் உயரத்தில் 25 படி என்றால் ஒவ்வொன்றும் 24 பிக்சல் உயரப் பட்டை. தெரியாமல் என்ன செய்யும்? மேலே மிக மெல்லிய பொடிப் புள்ளிகளைத் தூவுங்கள், கண் அதைக் கலந்து பார்த்துக்கொள்ளும்.

செல்போன் விளையாட்டு என்பதால் இன்னொன்று. திரையின் கீழ் மூலைகள் இரண்டும் கட்டைவிரல்களுக்குச் சொந்தம். உங்கள் படத்தில் மிக அழகான பகுதி, அந்தத் தாமரைக்குளம், சரியாக இடது பெருவிரலுக்குக் கீழே இருக்கிறது. மேலே தூக்கி நடுவில் வையுங்கள்.

இனி எந்தக் கட்டத்தையும் வரைந்துவிட்டு விளையாட்டில் ஏற்றாதீர்கள். முதல் நாள் ஏழு அடுக்கையும் வெறும் சாம்பல் வடிவங்களாக வெட்டி ஏற்றுங்கள். பனைக்கு ஒரு கோடும் உருண்டையும், மலைக்கு ஒரு முக்கோணம். பையனை ஓட விட்டு, வேகங்களைச் சரிசெய்து, யாராவது ஒரு பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள். அது ஓடினால் மறுநாள் தூரிகையை எடுக்கலாம். கட்டைவிரல் அகலச் சோதனையை ஒவ்வொரு மாலையும் செய்யுங்கள். முடித்த பிறகு அதைக் கம்ப்யூட்டரில் பார்க்க வேண்டாம். விலை குறைந்த போன் ஒன்றில் ஏற்றி, வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து, மத்தியான வெயிலில் பஸ் ஸ்டாண்டில் நின்று விளையாடிப் பாருங்கள். பையன் அங்கே தெரிந்தால் எங்கேயும் தெரிவான்.